மதுக்கிண்ணமும் வாய்தாவும்

 



சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை திருத்தணியில் ஜும்ஆத் தொழுதோம். தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்து போன பிறகும் ஒரு பெரியவர் மட்டும் ஹவுளின் ஓரமாகவே உட்கார்ந்திருந்தார். தையற்கடை வைத்திருப்பவர். பக்கத்தில் அவருடைய மகன். நல்ல உயரம், நல்ல களை, படித்த பிள்ளை. "ஹஜ்ரத், இவனுக்கு விமானத்தில் வேலை கிடைத்திருக்கிறது. போகலாமா கூடாதா, நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார் பெரியவர். வேலை கிடைத்த வீட்டில் இருக்க வேண்டிய சந்தோஷம் அவர் முகத்தில் இல்லை.

விசாரித்ததில் விஷயம் புரிந்தது. பையன் விமானப் பணியாளர் பயிற்சி முடித்திருக்கிறான். பயிற்சிக்காக ஒன்றேமுக்கால் லட்ச ரூபாய் கடன். அதற்குத் தகப்பனார் ஜாமீன். வேலை கிடைத்தது வெளிநாடுகளுக்குப் பறக்கும் ஒரு கம்பெனியில். அங்கே பயணிகளுக்குச் சாப்பாடு கொடுப்பது போலவே மதுவும் ஊற்றிக் கொடுக்க வேண்டும். பையன் மறைக்கவில்லை. "நான் ஒரு சொட்டும் தொட மாட்டேன் ஹஜ்ரத். ரெண்டே ரெண்டு வருஷம். கடனை அடைத்துவிட்டு வேறு வேலைக்கு மாறிவிடுகிறேன். அதுவரைக்கும் ஒரு வாய்தா கொடுங்கள்" என்றான், சிரித்துக்கொண்டே.

அவன் விளையாட்டாகச் சொன்ன அந்தச் சொல் நம் மனத்தில் தைத்துவிட்டது. கோர்ட்டு வாசலில் நாள்தோறும் கேட்கிற சொல் வாய்தா. இது நம் தமிழில் பிறந்ததன்று. 'வஅத்' என்ற அரபி மூலத்திலிருந்து உர்துவின் வழியாகக் கச்சேரிக்குள் நுழைந்தது. வாக்குறுதி என்பது அதன் மூலப் பொருள். இந்தத் தேதியில் வருவேன் என்று கொடுக்கிற வாக்கு அது. இன்றோ வாய்தா என்றாலே வழக்கு நடக்காத நாள் என்று ஆகிவிட்டது! நம்முடைய பாவங்களின் கதையும் இதுதான். விட்டுவிடுகிறேன் என்று வாக்குக் கொடுக்கிறோம். அந்த வாக்கையே சாக்காக வைத்துத் தள்ளிப் போடுகிறோம்.

முதலில், இந்த விமான வேலையின் சட்டம் என்னவென்று பார்ப்போம். உலகத்துச் சட்டமே இங்கே ஒரு வினோதமான பாடம் நடத்துகிறது.

நம் நாட்டின் 1937-ஆம் ஆண்டு விமான விதிகளில் 24-ஆம் விதி என்று ஒன்று உண்டு. விமானி மட்டுமல்ல, பயணிகளுக்குப் பணிவிடை செய்யும் ஊழியரும் பறப்பதற்கு முந்திய 12 மணி நேரத்துக்குள் மது அருந்தியிருக்கக் கூடாது என்கிறது அது. அமெரிக்காவில் இந்த இடைவெளி 8 மணி நேரந்தான். இரத்தத்தில் ஓரளவு வரைக்கும் பொறுத்துக்கொள்ளவும் செய்கிறார்கள். நம் நாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அந்த ஓரளவையும் ஒப்புவதில்லை. குழாயில் ஊதச் சொன்னால் கருவியில் பூஜ்யந்தான் வர வேண்டும். முதல் தடவை தவறினால் 3 மாதம் பறக்க முடியாது. இரண்டாம் தடவை 3 வருடம். மூன்றாம் தடவை உரிமமே போய்விடும். இதில் பெரியவர், சிறியவர் பார்ப்பதில்லை. 2018 நவம்பரில் ஏர் இந்தியாவின் விமான இயக்கத்துக்கே தலைவராக இருந்தவர் டில்லியிலிருந்து லண்டனுக்குப் புறப்படுமுன் அந்தச் சோதனையில் தேறாமற் போனார். அவருக்கும் அந்த 3 வருடம் விழுந்தது.

இன்னொன்றையும் கேளுங்கள். 2023-இல் அந்த விதியைத் திருத்தியபோது, வாய் கொப்பளிக்கும் மருந்து, பல்லுக்குப் பூசும் பசை இவற்றில் சாராயச் சத்து இருந்து கருவியில் காட்டுமானால் அவற்றையும் பணியாளர் பயன்படுத்தக் கூடாது என்று எழுதிவிட்டார்கள். சகோதரர்களே! பேணுதல் என்று நம் பெரியவர்கள் சொன்னால், காலத்துக்கு ஒவ்வாத கெடுபிடி என்று நம் பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். ஓர் அரசாங்க இலாகா வாய் கொப்பளிக்கிற தண்ணீர் வரைக்கும் வந்துவிட்டது! முந்நூறு உயிர்கள் அந்தரத்தில் தொங்கும்போது சிறிதளவினால் என்ன கெட்டுவிடும் என்ற வாதம் எடுபடாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் அதே விமானத்தின் உள்ளே போய்ப் பாருங்கள். மூச்சில் மதுவின் வாடைகூட இல்லை என்று நிரூபித்துவிட்டு ஏறுகிற அதே ஊழியர், ஏறிய பிறகு தள்ளுவண்டியை நகர்த்திக்கொண்டு வரிசை வரிசையாக மதுவை ஊற்றிக் கொடுக்க வேண்டும். அவர் நிதானத்தில் இருக்க வேண்டும். அவர் கையால் வாங்கிக் குடிப்பவர் நிதானம் இழக்கலாம். இதற்குப் பெயர் உபசாரம்.

அந்த உபசாரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2022-இல் நாடே பார்த்தது. அவ்வாண்டு நவம்பர் 26-ஆம் தேதி நியூயார்க்கிலிருந்து டில்லிக்கு வந்த ஏர் இந்தியா விமானத்தில், போதையில் இருந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு பயணி, தம் தாய் வயதுடைய ஒரு மாதின் மீது அசுத்தம் செய்துவிட்டார் என்று புகார் எழுந்தது. அவர் நீதிமன்றத்தில் அதை மறுத்தார். ஆகவே யார் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. நாம் கவனிக்க வேண்டியது நாட்கணக்கை. இத்தகைய சம்பவத்தை விமானம் தரையிறங்கிய 12 மணி நேரத்துக்குள் இயக்குநரகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. போலீசில் வழக்குப் பதிவானதோ 2023 ஜனவரி 4-ஆம் தேதி. முப்பத்தொன்பது நாட்கள்! அதன் பிறகுதான் கம்பெனிக்கு 30 லட்ச ரூபாய் அபராதம், தலைமை விமானிக்கு 3 மாதத் தடை எல்லாம் வந்தன. இனி எந்தப் பெண்ணுக்கும் இது நேராதிருக்கத் தெளிவான விதிகள் வகுக்க வேண்டும் என்று அந்த அம்மையார் சுப்ரீம் கோர்ட்டுப் படியேற வேண்டி வந்தது. வயதான ஒரு பெண் தனக்கு நேர்ந்த அவமானத்தைச் சொல்லிக்கொண்டு ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்கு நடப்பது எத்தகைய துன்பம் என்பதை நம் வீட்டுத் தாய்மார்களை நினைத்துப் பார்த்தால் விளங்கும்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அக்கம்பெனி தன் ஊழியர்களுக்குப் புதிய அறிவுரைகள் வழங்கியது. போதுமான அளவு குடித்துவிட்டவருக்கு மேலும் ஊற்றாதீர்கள், மரியாதையாக மறுத்துவிடுங்கள், அவரைக் குடிகாரர் என்று சொல்லிவிடாதீர்கள் என்றெல்லாம் அதில் இருந்தது. அவற்றுள் ஒன்று நம்மைச் சிந்திக்க வைத்தது. இதுதான் கடைசி, இன்னும் ஒரே ஒரு கிண்ணம் என்று கெஞ்சுவார்கள், இணங்கிவிடாதீர்கள் என்ற கருத்துடையது அது. குடிப்பவன் கேட்கிற அந்தக் கடைசிக் கிண்ணமும், ஊற்றுகிறவன் கேட்கிற இரண்டு வருட வாய்தாவும் ஒரே மரத்துக் காய்களல்லவா?

இனி மார்க்கத்துக்கு வருவோம்.

மதுவைக் குடிப்பது ஹராம் என்பது சிறு குழந்தைக்கும் தெரியும். ஆனால் அந்தப் பாவத்தின் வட்டம் எவ்வளவு பெரிது என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. மதுவின் விஷயத்தில் பத்துப் பேர் சாபத்துக்குரியவர்கள் என்று அறிவிக்கும் ஹதீஸ் திர்மிதியிலும் இப்னு மாஜாவிலும் பதிவாகியிருக்கிறது. பிழிபவன், பிழியச் சொல்பவன், குடிப்பவன், சுமப்பவன், யாருக்காகச் சுமக்கப்படுகிறதோ அவன், ஊற்றிக் கொடுப்பவன், விற்பவன், அதன் கிரயத்தை உண்பவன், வாங்குபவன், யாருக்காக வாங்கப்படுகிறதோ அவன் என்று அந்தக் கணக்கு விரிகிறது. நடுவிலே நிற்கிற 'ஸாக்கீ' என்கிற ஊற்றிக் கொடுப்பவனைப் பாருங்கள். அவன் குடிக்கவில்லை, விற்கவில்லை, இலாபம் பெறவில்லை. கை மட்டுமே அவனுடையது. அந்தக் கையும் கணக்கில் சேர்ந்துவிட்டது.

இந்த ஹதீஸை அறிவிக்கும் ஸஹாபி யார்? ஹஜ்ரத் அனஸ் இப்னு மாலிக் (ரலி) அவர்கள். நாயகத்துக்குப் பத்தாண்டுகள் ஊழியம் புரிந்த பாக்கியவான். அவர்களே ஒரு காலத்தில் ஊற்றிக் கொடுத்தவர்கள்தாம் என்பது நம்மில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள சம்பவம் இது. மதீனாவில் ஹஜ்ரத் அபூதல்ஹா (ரலி) அவர்களின் இல்லத்தில் விருந்து. அபூ உபைதா (ரலி), உபை இப்னு கஅப் (ரலி) போன்ற பெருமக்கள் அமர்ந்திருக்கிறார்கள். மது அதுவரை முற்றாக விலக்கப்படவில்லை. பேரீச்சங்காயிலிருந்து செய்த பானத்தை ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் அனஸ். அந்தக் கூட்டத்தில் வயதில் இளையவர் அவர்தாம். நம் திருத்தணிப் பையனின் வயதைவிடவும் குறைவு.

தெருவில் ஒரு சப்தம். மது விலக்கப்பட்டுவிட்டது என்று ஒருவர் அறிவித்துக்கொண்டு போகிறார். அபூதல்ஹா (ரலி) அவர்கள் அனஸை நோக்கி எழுந்து கொட்டிவிடும்படி சொல்கிறார்கள். ஓர் உலக்கைக் கல்லை எடுத்து அதன் அடிப்பாகத்தால் சாடியைத் தட்டி உடைத்ததாக அனஸ் (ரலி) அவர்களே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். மதீனாவின் தெருக்களில் மது ஓடியது.

இதில் நம்மை வியக்க வைக்கும் சங்கதி ஒன்று உண்டு. செய்தி சொன்னவர் ஒரே ஆள். அங்கே இருந்தவர்கள் அவரைத் திருப்பிக் கேட்கவில்லை. அதைப் பற்றி மறு விசாரணை எழுப்பவில்லை. கையில் இருக்கும் கிண்ணத்தை மட்டும் முடித்துவிடுகிறோம் என்று எவரும் சொல்லவில்லை. நம் காலத்து வழக்காக இருந்தால் எப்படி இருக்கும்! நகல் வேண்டும், மொழிபெயர்ப்பு வேண்டும், எதிர்வாதத்துக்கு நான்கு வாரம் வேண்டும், வக்கீலுக்கு உடல்நலமில்லை...

கடனைக் காட்டி வாதாடுவோருக்கும் அபூதல்ஹா (ரலி) அவர்களிடமே பதில் உண்டு. அவர்களுடைய பொறுப்பில் இருந்த அனாதைப் பிள்ளைகளுக்கு வாரிசுச் சொத்தாக மது வந்திருந்தது. அனாதையின் சொத்து எவ்வளவு பத்திரமாகக் காக்க வேண்டியது என்பதைத் திருக்குர்ஆனில் எத்தனையோ இடங்களில் அல்லாஹ் எச்சரித்திருக்கிறான். அத்தகைய சொத்தை என்ன செய்வது என்று நாயகத்திடம் அவர்கள் வினவியபோது, அதையும் கொட்டிவிடும்படியே கட்டளை வந்தது. (காடியாக மாற்றலாமா என்ற மஸ்அலாவில் ஹனபி, ஷாபிஈ இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது வேறு பாடம்.)

நாம் இவ்வளவையும் சொன்னபோது அந்தப் பையன் சும்மா இருக்கவில்லை. அவன் வாசித்திருந்தான்! "ஹஜ்ரத், முஸ்லிம் அல்லாதவருடைய மதுவைக் கூலிக்குச் சுமந்தால் அந்தக் கூலி ஆகும் என்று இமாம் அபூஹனீபா சொல்லியிருக்கிறார்களாமே?" என்றான். நமக்கு உண்மையில் மகிழ்ச்சியாக இருந்தது. கேட்டுத் தெரிந்துகொள்கிற பிள்ளை தவறிப் போவதில்லை, இன்ஷா அல்லாஹ்.

ஆம், அப்படி ஒரு மஸ்அலா இருக்கிறது. ஹிதாயாவில் ஓதுகிறோம். சுமப்பது வெறும் சுமப்பது. குடிப்பது குடிப்பவன் தன் இஷ்டத்தால் செய்வது. ஆகவே கூலி ஆகும் என்பது இமாம் அஃழம் (ரஹ்) அவர்களின் வாதம். அவர்களுடைய மாணவர்களான இமாம் அபூயூஸுப், இமாம் முஹம்மது (ரஹ்) இருவருமே அதை மக்ரூஹ் என்றார்கள். ஹதீஸில் சுமப்பவனும் வருகிறானே என்பது அவர்கள் கவலை. ஆனால் தம்பி! விமான நிலையத்தில் மூட்டையோடு மூட்டையாகப் பெட்டியை ஏற்றி இறக்கும் கூலித் தொழிலாளிக்காக வேண்டுமானால் இந்த மஸ்அலாவைப் பேசலாம். நீ செய்யப் போவது அதுவன்று. எது வேண்டும் என்று கேட்கிறாய், திறக்கிறாய், ஊற்றுகிறாய், வாய்க்கு எட்டும் தூரத்தில் நீட்டுகிறாய். நீட்டப்படும் கைகளில் முஸ்லிமின் கையும் இருக்குமே! அவருக்கு எந்த இமாமின் சொல்லைக் காட்டுவாய்? வளைகுடாவுக்குப் போகும் விமானத்தில் ஊரில் தொழுகையாளியாக இருக்கும் எத்தனை பேர் அந்த வண்டி வரும்போது கையை நீட்டுகிறார்கள் என்பதைப் பயணம் செய்தவர்களிடம் கேட்டால் வெட்கத்தோடு சொல்வார்கள்.

பையன் தலையைக் குனிந்துகொண்டான். தகப்பனார் மெல்லச் சொன்னார்: "அல்லாஹ் மதுவை ஒரே நாளிலா தடுத்தான் ஹஜ்ரத்? கொஞ்சம் கொஞ்சமாகத்தானே தடுத்தான்? இவனுக்கும் கொஞ்சம் காலம் கொடுக்கக் கூடாதா?"

நல்ல கேள்வி. பாமரர் என்று நாம் நினைப்பவர்கள்தாம் சில வேளை ஆலிம்களை யோசிக்க வைக்கிறார்கள். மதுவில் நன்மையைவிடப் பாவமே பெரிது என்று பகரா அத்தியாயத்தில் முதலில் சொல்லப்பட்டது. பிறகு, போதையோடு தொழுகையை நெருங்காதீர்கள் என்ற கருத்தில் நிஸா அத்தியாயத்தில் கட்டளை வந்தது. ஐந்து வேளைத் தொழுகைக்கு நடுவே குடிக்க நேரமே இல்லாமல் போயிற்று. கடைசியாக மாயிதா அத்தியாயத்தின் 90, 91-ஆம் வசனங்களில் முற்றாக விலக்கப்பட்டது. ஒவ்வொரு படியிலும் ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் இன்னும் தெளிவான தீர்ப்பைத் தரும்படி அல்லாஹ்விடம் இறைஞ்சினார்கள். இனியேனும் விலகிக்கொள்வீர்களா என்ற கேள்வியோடு இறுதி வசனம் முடிந்தபோது, விலகிக்கொண்டோம் என்று உடனே மொழிந்தார்கள். அந்தக் காலம் முழுவதும் வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு படியும் தீர்ப்பை நோக்கி ஒரு படி. தீர்ப்பு வந்த பிறகு ஒரு நாழிகைகூடத் தாமதம் இல்லை. நம் பையன் கேட்பதோ தீர்ப்பு வந்து பதினான்கு நூற்றாண்டுகளுக்குப் பிறகு வாய்தா!

ஆனாலும் தவணை என்பதே மார்க்கத்தில் இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. உமர் (ரலி) அவர்கள் தம் ஆட்சியில் ஹஜ்ரத் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களுக்கு எழுதியதாக அறிவிக்கப்படும் கடிதம் காஜிகளுக்கெல்லாம் பாடப்புத்தகம் போன்றது. அதிலே ஒரு சட்டம்: தன் ஆதாரம் இப்போது கைவசம் இல்லை என்று ஒருவன் சொன்னால் அவனுக்கு ஒரு கெடு நிர்ணயித்துக் கொடுக்க வேண்டும், அந்தக் கெடுவுக்குள் கொண்டுவந்தால் அவன் உரிமை அவனுக்கு, கொண்டுவராவிட்டால் தீர்ப்பு அவனுக்கு எதிராக. பார்த்தீர்களா? வாய்தா உண்டு. அதற்கு எல்லையும் உண்டு. எல்லை கட்டாத வாய்தா நீதியன்று. வசதி இருந்தும் கடனைத் திருப்பித் தராமல் இழுத்தடிப்பது அநியாயம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்ததும் இதே கருத்தில்தான்.

நம் நாட்டு நீதிமன்றங்களில் ஐந்து கோடிக்கு மேற்பட்ட வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன. 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் இரண்டு வாய்தாக்களுக்கு மேல் கூடாது என்று எல்லை கட்டுகிறது. எல்லை கட்டுவது எளிது. அந்த எல்லையில் நிற்பதுதான் கஷ்டம்.

மதுவின் விஷயத்தில் சட்டம் எப்படி முன்னும் பின்னும் போய் வந்தது என்பதற்குத் திருத்தணியைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. 1937-இல், அதாவது மேலே சொன்ன விமான விதிகள் வந்த அதே ஆண்டில், இராஜாஜியின் அரசு சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே அது சித்தூர் ஜில்லாவுக்கு வந்தது. திருத்தணி அப்போது சித்தூர் ஜில்லாவில் இருந்தது. மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது ஆந்திராவுக்குப் போய், ம.பொ.சி. போன்றோரின் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் முதல் தேதிதான் நம் மாநிலத்தோடு சேர்ந்தது. 1971-இல் மதுவிலக்குத் தளர்ந்தது. 1974-இல் திரும்ப வந்தது. 1981-இல் மீண்டும் போனது. 1983-இல் டாஸ்மாக் பிறந்தது. 2003 முதல் சில்லறைக் கடையையும் அரசாங்கமே நடத்துகிறது. எல்லைக்கு அப்பால் ஆந்திராவிலோ தூபகுண்டா என்ற நெல்லூர்ச் சிற்றூர்ப் பெண்கள் 1992-இல் மூட்டிய போராட்டத்தின் பயனாக 1995-இல் மதுவிலக்கு வந்தது. இரண்டே வருடத்தில் போய்விட்டது. ஆக, ஒரு காலத்தில் நகரி பஸ் ஏறினால் குற்றம் குற்றமில்லாமல் ஆகும்; இன்னொரு காலத்தில் அதே பஸ்ஸில் திரும்பி வந்தால் அப்படி ஆகும்!

நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2016 டிசம்பர் 15-ஆம் தேதி தீர்ப்பளித்தது. அது தமிழ்நாட்டிலிருந்து எழுந்த வழக்குதான். சென்னை–திருப்பதி நெடுஞ்சாலையில் உள்ள இந்த ஊரார் அடைந்த மகிழ்ச்சியைக் கேட்கவா வேண்டும்! சில மாதங்கள் கழித்துச் சிற்றூர்களுக்கு 220 மீட்டர் போதும் என்றாயிற்று. அதன் பிறகு நகராட்சி எல்லைக்குள் உள்ள சாலைகளுக்கு அத்தடை பொருந்தாது என்ற விளக்கம் வந்தது. மனிதர்கள் அளக்கிற கோல் அப்படித்தான் நீளும், சுருங்கும். மலைமேல் கோயிலுக்குப் படியேறும் நம் இந்துச் சகோதரர்கள்கூட, காவடி எடுக்க விரதம் பூண்ட நாட்களில் மதுவைத் தொடமாட்டார்கள். சட்டம் அனுமதிக்கிறதே என்று அவர்களில் எவரும் வாதாடுவதில்லை.

நீதிமன்றத்துக்குப் போய் நியாயம் பெறலாமே என்று நினைப்பவர்களுக்காக அமெரிக்கச் செய்தி ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். எக்ஸ்பிரஸ்ஜெட் என்ற கம்பெனியில் பணிபுரிந்த ஒரு பெண் இஸ்லாத்தைத் தழுவியவர். மது பரிமாறுவதும் கூடாது என்று பின்னர் அறிந்து மேலதிகாரியிடம் சொன்னார். உடன் பணிபுரிபவரோடு பேசி அந்த வேலையை மட்டும் மாற்றிக்கொள்ளும்படி 2015-இல் வழி சொல்லப்பட்டது. சில வாரங்கள் அப்படியே நடந்தது. பிறகு உடன் வேலை செய்தவர் ஒருவர் புகார் எழுத, சம்பளமில்லா விடுப்பில் அனுப்பிவிட்டார்கள். அவர் வழக்குத் தொடுத்தார். அது தொழிற்சங்க ஒப்பந்தத்துக்கு என்ன பொருள் என்ற சிக்கலில் மாட்டி, 2020-இல் மேல்முறையீட்டிலும் அவருக்கு எதிராகவே முடிந்தது. ஐந்து வருடம்! அந்தக் கம்பெனியே 2022-இல் பறப்பதை நிறுத்திவிட்டது. அந்தச் சகோதரி கோர்ட்டுத் தீர்ப்புக்காகக் காத்திருந்தாரே தவிர, கிண்ணத்தைக் கீழே வைப்பதற்கு அந்தத் தீர்ப்பை எதிர்பார்க்கவில்லை. அதை முதலிலேயே வைத்துவிட்டார். அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்குவானாக!

பையனிடம் நாம் சொன்னது இதுதான். விமான வேலையே ஹராம் என்று நாம் சொல்லவில்லை. பயணிகளைப் பத்திரமாகக் கொண்டு சேர்ப்பதும், ஆபத்தில் அவர்களை வெளியேற்றுவதும், நோயுற்றவருக்கு முதலுதவி செய்வதும் நன்மையான காரியங்கள். நம் நாட்டுக்குள் பறக்கும் விமானங்களில் மது பரிமாறுவதில்லை. சவூதியா, குவைத் ஏர்வேஸ் போன்றவை வெளிநாட்டுக்குப் பறந்தாலும் மது ஏற்றுவதில்லை. ஆகவே உள்நாட்டுப் பறப்பில் போடும்படி கம்பெனிக்கு எழுது. வேலையில் சேருமுன் எழுது. சேர்ந்த பிறகு எழுதினால் அது மனு. சேருமுன் எழுதினால் அது நிபந்தனை. மறுத்தால் வேறு இடம் தேடு. இதற்கு உமர் (ரலி) அவர்களின் கடிதப்படி ஒரு கெடு வை. இரண்டு வருடமல்ல, இரண்டு மாதம். அதுவும் தேடுவதற்கான கெடு, ஊற்றுவதற்கானதல்ல.

"கடன்?" என்று கேட்டார் தகப்பனார், தரையைப் பார்த்தபடி.

சகோதரர்களே! இங்கேதான் நம் ஜமாஅத்தார் எல்லோருடைய சட்டைப் பையும் சம்பந்தப்படுகிறது. ஹராம் என்று மிம்பரில் நின்று சொல்லிவிட்டு இறங்குவது சுலபம். அந்தச் சொல்லால் ஒரு வீட்டின் அடுப்பு அணையுமானால், சொன்னவர்களுக்கும் கேட்டவர்களுக்கும் அதில் பங்கில்லையா? வட்டிக்குக் கடன் வாங்கிப் படிக்கும்போது ஏன் என்று கேட்காத ஊர், மதுவை ஊற்றப் போகும்போது மட்டும் கேட்பது என்ன நியாயம்? அன்று அஸருக்குப் பிறகு முத்தவல்லியையும் நான்கைந்து பெரியவர்களையும் உட்கார வைத்துப் பேசினோம். ஒருவர் தம் மகளின் நகைக்கென்று சேர்த்ததில் ஒரு பகுதியைத் தர முன்வந்தார். இன்னொருவர், கொடுக்க முடியாது, ஆனால் ஜாமீனை என் பெயருக்கு மாற்றுங்கள் என்றார். மூன்றாமவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தோம்; மஃரிபுக்கு வரும்போது ஓர் உறையோடு வந்தார். பைத்துல்மாலில் இருந்ததையும் சேர்த்து முதல் மூன்று தவணைகளுக்கு ஆயிற்று.

அதைக் கர்ஜே ஹஸனாவாகவே கொடுத்தோம். கடன் கொடுத்தால் தவணையைக் குறித்து எழுதிக்கொள்ள வேண்டும் என்று பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் பணிக்கிறது அல்லவா? அவ்வாறே பத்திரம் எழுதினோம். எழுதியவர் தேதி போடும் இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, வேலை கிடைத்ததும் போட்டுக்கொள்ளலாம் என்றார். பையன் பேனாவை வாங்கித் தானே எழுதினான்: முதல் தவணை, ஷஅபான் பிறை ஒன்று. சாட்சிகள் இருவரும் அதன் கீழே கையெழுத்திட்டார்கள்.